ஹீரோயின் பொம்மை ஏன் கடையில் இல்லை?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த 'வந்து', 'அப்புறம்'களைக் குறைத்திருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடி.)

இன்னைக்கு ஒரு நேயரோட வாய்ஸ் நோட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். "ப்ரோ, என் அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு. கேபாப் டீமன் ஹன்டர்ஸ் படத்தை எத்தனை தடவை பார்த்தான்னு கணக்கே இல்ல. போன தீபாவளிக்கு ரூமி பொம்மைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. மால்ல இருக்கிற பெரிய கடை எல்லாம் ஏறி இறங்கியாச்சு, ஒண்ணு கூட இல்ல. பாரிஸ் கார்னர்ல பிளாட்ஃபாரத்துல ஒண்ணு கிடைச்சுது. அது ரூமி மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. உலகமே பார்த்த படம். காசு வேண்டாம்னு எந்தக் கம்பெனியாவது சொல்லுமா?"

நியாயமான கேள்வி. தேதிகளை மட்டும் முதல்ல பார்த்துடலாம். அந்தப் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது 2025 ஜூன் 20. அதற்குப் பொம்மை செய்யும் உரிமையை மேட்டல், ஹாஸ்ப்ரோ என்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது அதே வருஷம் அக்டோபரில். பொருள் கடைக்கு வருவது 2026-ல். படம் உச்சத்தில் இருந்த அந்த நாலு மாசமும், பெரிய பொம்மைக் கம்பெனி ஒன்றோடு இப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதாக ஒரு அறிவிப்பு கூட இல்லை.

காசு வேண்டாம்னு யாரும் சொல்லவில்லை. பொம்மைக் கம்பெனி காசைப் பந்தயம் கட்ட வேண்டிய நேரம் வேற, குழந்தை அழற நேரம் வேற. கடையில் எந்தப் பொம்மை தொங்கணும் என்பதை, படம் வருவதற்கு ஒன்று ஒன்றரை வருஷம் முன்னாடி, படத்தை முழுசாகப் பார்க்காத சிலர் போடும் ஒரு ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா நிறைய புதிர் விலகும். சில சமயம் கோபமும் வரும்.

எம்.ஜி.: நம்ம ஊருக்குப் பழகின வார்த்தைதான்

படம் எடுக்கும் ஸ்டுடியோ பொதுவா தன் கையால் பொம்மை செய்வதில்லை. கதாபாத்திரத்தோட முகம், பெயர், உடை, லோகோ எல்லாத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியை வாடகைக்கு விடும். அந்த அனுமதிதான் லைசென்ஸ். வாங்குகிற கம்பெனி தன் காசில் பொம்மை செய்து, விற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் ராயல்டி கொடுக்கும். இந்தச் சதவீதம் நாம கடையில் கொடுக்கும் விலையில் இல்லை. கடைக்காரருக்குக் கம்பெனி கொடுக்கும் மொத்த விலையில்.

இதுவரைக்கும் சிம்பிள். ராயல்டி மட்டும்னா பொம்மைக் கம்பெனிக்கு ரிஸ்க் கம்மி. வித்தா கொடு, விக்கலைன்னா கொடுக்காதே. ஆனா ஸ்டுடியோ அப்படி விடுமா? அங்கதான் மினிமம் கேரண்டி வருது. தமிழ் சினிமா வியாபாரச் செய்தி படிக்கிறவங்களுக்கு இது புதுசில்லை. விநியோகஸ்தர் ஒரு ஏரியாவை எம்.ஜி. கொடுத்து எடுத்தார்னு சொல்வாங்களே, அதேதான். வசூல் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகை தயாரிப்பாளருக்குப் போய்ச் சேரணும்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் புரிய வைக்க நானே எடுத்துக்கிட்டவை. ஒரு பொம்மை கடையில் 1000 ரூபாய். கடைக்காரருக்குக் கம்பெனி கொடுப்பது 500 ரூபாய்க்கு. ராயல்டி 15 சதவீதம், அதாவது ஒரு பொம்மைக்கு 75 ரூபாய். எம்.ஜி. 10 கோடி. இப்போ 10 கோடியை 75-ஆல் வகுத்தா சுமார் 13 லட்சத்து 33 ஆயிரம். அத்தனை பொம்மை வித்தாதான் கம்பெனி ஏற்கெனவே கொடுத்த காசு ராயல்டியா கழியும். 5 லட்சம்தான் வித்ததுன்னா, மீதி ஆறே கால் கோடி கைக்காசு. அச்சு செய்த செலவு, ஃபேக்டரி, கப்பல், விளம்பரம் எல்லாம் தனி.

ஐடி ஆட்களுக்கு வேற மாதிரி சொல்றேன். கிளவுட் கம்பெனியோட "வருஷத்துக்கு இவ்வளவு செலவு பண்றோம்"னு கமிட் பண்ணி டிஸ்கவுன்ட் வாங்குவோம் இல்லையா? யூஸ் பண்ணலைன்னாலும் காசு போகும். மார்ச் மாசம் வந்தா என்ன நடக்கும்? கமிட் தீரணும்னு தேவையில்லாத மெஷின் எல்லாம் ஓடிட்டிருக்கும். எம்.ஜி. கொடுத்த பொம்மைக் கம்பெனியும் அதே மனநிலையில்தான் இருக்கும். நிச்சயம் விற்கும்னு தோணுவதை மட்டும் மலையா செய்யும், புது முயற்சி எதையும் தொடாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

இன்னொன்று, லைசென்ஸ் ஒரே துண்டாக இருக்காது. ஆக்‌ஷன் ஃபிகர் ஒருத்தருக்கு, துணி மாட்டி விளையாடும் பொம்மை இன்னொருத்தருக்கு, லெகோ மாதிரி கட்டும் செட் வேறொருத்தருக்கு, போர்டு கேம், டி-ஷர்ட், டிபன் பாக்ஸ் எல்லாம் தனித்தனி. எந்த நாட்டுல விற்கலாம், எத்தனை வருஷம், காலம் முடிஞ்சா மிச்ச சரக்கைத் தீர்க்க எத்தனை மாசம், எல்லாம் எழுதியிருக்கும். ஒவ்வொரு பொம்மையோட முகத்துக்கும் பெயின்ட்டுக்கும் பெட்டிக்கும் ஸ்டுடியோ ஓகே சொல்லணும்.

காலி டப்பாவை வித்த கதை

இந்த வியாபாரம் இப்போதைய வடிவத்துக்கு வந்தது ஸ்டார் வார்ஸில்தான். ஜார்ஜ் லூகாஸ் அதற்கு முன் எடுத்த அமெரிக்கன் கிராஃபிட்டி பெரிய ஹிட். அவர் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் அவர் விடாப்பிடியாக நின்றது அதற்காக இல்லை. அடுத்தடுத்த பாகங்களின் உரிமையையும், படத்தை வைத்து வரும் பொருட்களின் உரிமையில் தன் பிடியையும் கேட்டார். அந்தக் காலத்தில் சினிமா பொம்மை என்றால் படம் ஓடும் சில வாரங்களுக்கான சில்லறை வியாபாரம். ஃபாக்ஸுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பொம்மைக் கம்பெனிகளுக்கும் தெரியவில்லை. அப்போதைய பெரிய கம்பெனி மீகோ வேண்டாம் என்றது. கடைசியில் எடுத்தது கென்னர். சின்சினாட்டியில் இருந்த இந்தக் கம்பெனியின் உரிமையாளர், காலை உணவு சீரியல் விற்கும் ஜெனரல் மில்ஸ்.

படம் 1977 மே 25 ரிலீஸ். யாரும் எதிர்பார்க்காத கூட்டம். கென்னரிடம் ஆக்‌ஷன் ஃபிகர் எதுவும் தயாராக இல்லை, கிறிஸ்துமஸுக்கு ஏழு மாசம்தான் இருக்கு. ஜிக்ஸா புதிர், போர்டு கேம் எல்லாம் வந்துவிட்டது, அது அச்சகத்து வேலை. பிளாஸ்டிக் உருவம் அப்படி இல்லை. முதலில் சிற்பி செதுக்கணும், அனுமதி வாங்கணும், இரும்பில் அச்சு வெட்டணும், ஆசியாவில் ஃபேக்டரியில் ஊத்தணும், கையால் பெயின்ட் அடிக்கணும், கப்பலில் ஏத்தணும்.

கென்னர் என்ன செய்தது? அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை உறையை வித்தது. எர்லி பேர்ட் சர்டிஃபிகேட் பேக்கேஜ்னு பேரு. உள்ளே பொம்மை கிடையாது! ஒரு அட்டை ஸ்டாண்ட், ஸ்டிக்கர், கிளப் மெம்பர் கார்டு, ஒரு சான்றிதழ். அதைத் தபாலில் அனுப்பினால் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நாலு உருவங்களும் 1978 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் காலையில் குழந்தைக்குக் கிடைத்தது ஒரு வாக்குறுதி. அடுத்த வருஷம், 1978-ல் மட்டும், 4 கோடிக்கு மேல் விற்றார்கள்.

அந்த உருவங்களின் உயரம் மூணே முக்கால் அங்குலம். இதுவும் லைசென்ஸின் விளைவுதான் என்பேன். அதுக்கு முன்னாடி ஜி.ஐ. ஜோ மாதிரி பொம்மைகள் 12 அங்குலம். அந்த அளவில் ஹான் சோலோவைச் செய்தால், அவர் உட்காரும் விண்கலம் கட்டில் சைஸுக்கு வரும். கென்னருக்குக் கிடைத்தது ஒரு ஹீரோ மட்டும் இல்லை, கலங்கள், ரோபோக்கள், இடங்கள்னு ஒரு முழு உலகத்தோட உரிமை. உலகத்தை விற்கணும்னா ஆளைச் சின்னதாக்கணும். அதுக்கப்புறம் வந்த ஆக்‌ஷன் ஃபிகர் பலவும் அந்த அளவைத்தான் பிடிச்சுக்கிட்டன.

இப்போ 1999-க்கு வருவோம். ஸ்டார் வார்ஸ் திரும்ப வருது, தி ஃபேன்டம் மெனஸ். இந்தத் தடவை லூகாஸுக்கு எதை விற்கிறோம்னு நல்லாவே தெரியும். 1997-ல் போட்ட ஒப்பந்தங்களில் ஹாஸ்ப்ரோ கொடுக்க ஒப்புக்கொண்ட எம்.ஜி. சுமார் 59 கோடி டாலர், கலூப் என்ற இன்னொரு கம்பெனி சுமார் 14 கோடி டாலர். அது போக ரெண்டு கம்பெனியிலும் பங்கு வாங்கும் உரிமை. கலூப்பை ஹாஸ்ப்ரோ அடுத்த வருஷமே விலைக்கு வாங்கிவிட்டதால் அந்தப் பாரமும் இதன் தலையில். 1999 மே 3 நள்ளிரவில் கடை திறந்து பொம்மை வித்தாங்க, படம் வர ரெண்டு வாரம் முன்னாடியே. படம் உலகம் முழுக்க 92 கோடி டாலர் வசூல். அப்படியும் பொம்மை தேங்கியது. எந்தக் கடைக்குப் போனாலும் ஜார் ஜார் பிங்க்ஸ் தள்ளுபடி விலையில் தொங்கினார்.

இதுதான் எம்.ஜி.-யோட வேலை. அவ்வளவு காசைக் கழிக்கணும்னா அளவுக்கு மீறி செய்துதான் ஆகணும். 2003-ல் ரெண்டு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தத்தைத் திருத்தினாங்க. எம்.ஜி. குறைந்தது, பதிலுக்கு உரிமைக் காலம் 2018 வரை நீண்டது.

மோட்டார் சைக்கிளில் இருந்து இறக்கப்பட்ட பெண்

இப்போ தலைப்புக்கு வர்றேன். 2015, அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான். குவின்ஜெட் விமானத்தில் இருந்து பிளாக் விடோ மோட்டார் சைக்கிளோட சாலையில் குதிக்கும் ஒரு காட்சி. படத்தின் நல்ல சண்டைக்காட்சிகளில் ஒன்று. அதே காட்சியை ஹாஸ்ப்ரோ விளையாட்டு செட்டாகக் கொண்டுவந்தது. விமானம் இருக்கு, மோட்டார் சைக்கிள் இருக்கு. ஓட்டுவது கேப்டன் அமெரிக்கா. பிளாக் விடோ பெட்டியிலேயே இல்லை. ஹல்க்காக நடித்த மார்க் ரஃபலோவே, என் மகள்களுக்கும் மருமகள்களுக்கும் பிளாக் விடோ பொருட்கள் வேணும்னு மார்வெலைப் பார்த்து ட்விட்டரில் கேட்டார்.

அதே வருஷம் ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ். படத்தோட நாயகி ரே. ஹாஸ்ப்ரோவின் ஸ்டார் வார்ஸ் மோனோபோலியில் நாலு காய்கள்: லூக், டார்த் வேடர், ஃபின், கைலோ ரென். ரே இல்லை. கம்பெனி சொன்ன காரணம், விளையாட்டு படத்துக்கு மூணு மாசம் முன்னாடி, செப்டம்பரிலேயே கடைக்கு வந்தது, ரேயைச் சேர்த்தால் கதை வெளியாகிவிடும் என்பது. ஒரு எட்டு வயசுப் பெண்குழந்தை எழுதின கடிதம் இணையத்தில் பரவின பிறகு, 2016 ஜனவரியில், ரேயைச் சேர்க்கிறோம் என்று அறிவித்தார்கள்.

ஸ்பாய்லர் காரணத்தை நான் முழுசா தள்ளிவிட மாட்டேன். ஸ்டுடியோக்கள் லைசென்ஸ் எடுத்தவங்களுக்கே கதையை முழுசாகச் சொல்வதில்லை. சில ஓவியங்கள், உடை டிசைன், பாதுகாப்பான அறையில் சில படங்கள், அவ்வளவுதான். ஆனா அதே ரகசியத்துக்கு நடுவில் ஃபின் காயாக வந்துவிட்டார் பாருங்க. யாரை விட்டுவிடலாம்னு முடிவு எடுக்கணும்னா கை எந்தப் பக்கம் போகுதுன்னு அதுல தெரியுது.

இங்கதான் நான் முன்னாடி மனசுல வெச்சுக்கச் சொன்னது வருது. கடைகளுக்குப் பொம்மை தனித்தனியாகப் போகாது, கலந்து அடுக்கிய பெட்டியாகப் போகும். ஒரு பெட்டியில் ஹீரோ மூணு நாலு, பெண் கதாபாத்திரம் வழக்கமா ஒன்று, சில நேரம் அதுவும் இல்லை. அந்த ஒன்று முதல் நாளே போயிடும். ஹீரோ தொங்கிக்கிட்டே இருப்பார். வருஷக் கடைசியில் ரிப்போர்ட்டைத் திறந்தா என்ன தெரியும்? ஹீரோ இத்தனை லட்சம் வித்தார், பெண் பொம்மை சில ஆயிரம்தான். "பார்த்தீங்களா, பெண் பொம்மை விற்காது." இல்லாத பொருளோட விற்பனை குறைவா இருப்பதில் என்ன ஆச்சரியம்? டேட்டா வேலை பார்க்கிறவங்க இதைப் பார்த்தவுடனே பிடிச்சிடுவாங்க. நீங்களே பயிற்சி டேட்டாவைச் சாய்ச்சு வெச்சுட்டு, மாடல் சாயுதுன்னு சொல்ற கதை. கம்பெனிகள் வேணும்னே சதி செய்றாங்கன்னு நான் சொல்லவில்லை. எம்.ஜி. பயத்தில் "நிச்சயம் விற்கும்" பட்டியலைப் போன வருஷ விற்பனையை வெச்சு எழுதினால், அந்தப் பட்டியல் ஒருபோதும் மாறாது.

இது கடையோட நின்னா பரவாயில்லை. அயர்ன் மேன் 3 இயக்குநர் ஷேன் பிளாக் 2016-ல் ஒரு பேட்டியில் சொன்னார்: அந்தப் படத்தின் முதல் வடிவத்தில் வில்லன் ஒரு பெண். பெண் வில்லன் பொம்மை விற்காது என்று கம்பெனி மேலிடத்தில் இருந்து சொன்னதால் ஆணாக மாற்றினோம். நாம தியேட்டரில் பார்த்த கதையே பொம்மை விற்பனைக் கணக்குக்காகத் திருத்தப்பட்டது. பொம்மை வாங்காதவங்களுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்தான்னு நான் சொல்ல இந்த ஒரு உதாரணம் போதும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வார்த்தையே இருக்கு: டாயெட்டிக். பொம்மையாக்கத் தோதான படம் என்று அர்த்தம். கென்னரில் இருந்த பெர்னார்ட் லூமிஸ், ஸ்பீல்பெர்க்கின் குளோஸ் என்கவுன்டர்ஸ் படத்தைப் பற்றிப் பேசும்போது, அது டாயெட்டிக் இல்லை என்று சொன்னதாகக் கதை. பிற்பாடு இந்த வார்த்தை பேட்மேனைப் பிடித்தது. 1992-ல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் ரொம்ப இருட்டாக இருக்கு என்று, ஹேப்பி மீலோடு அந்தப் பொம்மைகளைக் கொடுத்த மெக்டொனால்ட்ஸிடம் பெற்றோர் சண்டைக்குப் போனார்கள். டிம் பர்ட்டன் இடத்துக்கு ஜோயல் ஷூமாக்கர் வந்தார். 1997-ல் பேட்மேன் & ராபின் வந்தபோது, ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு புது உடை, ஒரு புது வண்டி. ராபினாக நடித்த கிறிஸ் ஓ'டானலே, படம் எடுப்பது போல் இல்லை, பொம்மை விளம்பரம் எடுப்பது போல் இருந்தது என்று பின்னால் சொன்னார். பார்த்தவர்களுக்கும் அதே உணர்வுதான்.

படம் ஒருத்தருக்கு, பொம்மை இன்னொருத்தருக்கு

மார்வெல் கதை இதிலேயே தனி ரகம். 1993-ல் மார்வெல், டாய் பிஸ் என்ற சின்னப் பொம்மைக் கம்பெனிக்குத் தன் கதாபாத்திரங்களின் பொம்மை உரிமையை எழுதிக் கொடுத்தது. ராயல்டி கிடையாது, கால வரம்பும் கிடையாது. பதிலுக்கு மார்வெலுக்கு டாய் பிஸ்ஸில் 46 சதவீதப் பங்கு. 1996 கடைசியில் மார்வெல் திவாலானது. பெரிய பணக்காரர்கள் எல்லாம் அதைப் பிடிக்க சண்டை போட்டார்கள். 1998-ல் மார்வெலைத் தன்னோடு இணைத்துக்கொண்டது யார் தெரியுமா? அந்தப் பொம்மைக் கம்பெனிதான். வாடகைக்கு வந்தவர் வீட்டையே வாங்கிட்டார்.

(இடையில் ஒரு சின்ன விஷயம். அமெரிக்க சுங்கச் சட்டத்தில் அப்போது மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீத வரி இருந்தது, மற்ற விளையாட்டுப் பொருளுக்கு 6.8. எக்ஸ்-மென் மனிதர்களே இல்லை, அதனால் எங்களுக்குக் குறைந்த வரிதான் என்று டாய் பிஸ் கோர்ட்டுக்குப் போய், 2003-ல் ஜெயிச்சது. மியூட்டன்ட்களும் மனிதர்கள்தான் என்று அத்தனை வருஷம் காமிக்ஸில் எழுதின கம்பெனியோட பொம்மைகளுக்காக!)

பொம்மைக்காரர்கள் கையில் வந்த மார்வெல், காசுத் தட்டுப்பாட்டில் ஸ்பைடர்மேன் பட உரிமையை சோனிக்கு விற்றது. அதனால் படம் சோனி எடுக்கும், பொம்மை வருமானம் ரெண்டு பேருக்கும் பங்கு. ஹாஸ்ப்ரோ 2006-ல் மார்வெலோடு போட்ட அஞ்சு வருஷ ஒப்பந்தத்தைப் பாருங்க. 20.5 கோடி டாலர் உத்தரவாதம். அதில் 7 கோடி, ஸ்பைடர்மேன் 3 தியேட்டருக்கு வந்தால்தான். இன்னொரு 3.5 கோடி அதுக்கடுத்த பாகம் வந்தால்தான். பொம்மைக் காகிதத்தில் படத்தோட ரிலீஸ் ஒரு நிபந்தனை.

தானே படம் எடுப்போம் என்று மார்வெல் முடிவு செய்தபோது, எந்த ஹீரோவில் ஆரம்பிப்பது என்று எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பென் ஃப்ரிட்ஸ் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்: குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்து, ஹீரோக்களின் படத்தைக் காட்டி, எதை வைத்து விளையாடப் பிடிக்கும் என்று கேட்டார்கள். வந்த பதில் அயர்ன் மேன். இன்னைக்கு நாம எம்.சி.யூ. என்று சொல்றதோட முதல் செங்கல் அதுதான்.

2011-ல் ஒரு மாற்றம். அதுக்குள்ள மார்வெல் டிஸ்னி கையில் இருந்தது. ஸ்பைடர்மேன் பொருட்களில் சோனிக்கு இருந்த பங்கை மார்வெல் வாங்கிக்கொண்டது, படங்களில் மார்வெலுக்கு இருந்த பங்கை சோனி வாங்கிக்கொண்டது. அப்போ படம் முழுக்க சோனிக்கு, பொம்மை முழுக்க டிஸ்னிக்கு என்று ஆனது. இதை வெச்சுப் பார்த்தா 2015-ல் ரெண்டு கம்பெனியும் ஏன் கை குலுக்கினாங்கன்னு புரியும். சோனி எடுக்கும் ஒவ்வொரு நல்ல ஸ்பைடர்மேன் படமும் டிஸ்னிக்கு ஓசியில் கிடைக்கும் விளம்பரம். டிக்கெட் காசு வரலைன்னாலும், பள்ளிக்கூடப் பை வரைக்கும் அவங்க முத்திரைதானே. தன் ஆட்களை வெச்சு அந்தப் படத்தை நல்லா எடுத்துக் கொடுக்கிறது டிஸ்னிக்கு லாபம்தான்.

ஒரே எல்சா, ரெண்டு முகம்

லைசென்ஸ் கை மாறினா குழந்தைக்கு என்ன ஆகும்? 1996-ல் இருந்து டிஸ்னி இளவரசிப் பொம்மைகளைச் செய்தது பார்பி கம்பெனியான மேட்டல். 2016 தொடக்கத்தில் அது ஹாஸ்ப்ரோவுக்குப் போனது, ஃப்ரோஸன் எல்சாவோடு சேர்த்து. கதாபாத்திரம் டிஸ்னியோடது, ஆனா முகத்தைச் செதுக்கின அச்சு மேட்டலோடது. அதனால் ஹாஸ்ப்ரோ புதுசாகச் செதுக்கணும். அதே எல்சா, வேற மூக்கு, வேற உடல் அளவு. அக்காவோட பொம்மைக்கு வாங்கின துணி தங்கச்சியோட பொம்மைக்குச் சரியாக உட்காராது. 2023-ல் உரிமை மறுபடி மேட்டலுக்கு வந்தது. மறுபடி வேற முகம்.

அச்சு எவ்வளவு முக்கியம்னு நம்ம ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கு. சென்னையில் தலைமையகம் இருக்கும் ஃபன்ஸ்கூல், 1987-ல் எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கியது. ஹாஸ்ப்ரோ அச்சுகளை வைத்து, லைசென்ஸில், ஜி.ஐ. ஜோ உருவங்களை இங்கேயே செய்தார்கள். கலர் மட்டும் சில நேரம் நம்ம இஷ்டம். அமெரிக்காவில் அந்த அச்சு ஓய்ந்த பிறகும் இங்கே ஓடியது. இன்றைக்கு அமெரிக்க கலெக்டர்கள் அந்த இந்திய ஜோக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இப்போ பாரிஸ் கார்னர் ரூமிக்கு வர்றேன். ஒரிஜினல் வருவதற்கு முன்னாடியே காப்பி எப்படி வந்தது? காப்பிக்காரருக்கு எம்.ஜி. கிடையாது, அனுமதி கிடையாது, ஒன்றரை வருஷம் முன்னாடி பந்தயம் கட்ட வேண்டிய அவசியமும் கிடையாது. படம் ஹிட்டான பிறகு, இருக்கிற ஏதோ ஒரு பொம்மைக்கு ஊதா முடி ஒட்டினால் போதும். ஆனால் பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கு, பெயின்ட்டில் ஈயம் இருக்கா, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஏழு வயசுக் குழந்தை விளையாடும்னா எனக்கு அது உறுத்தும்.

இந்தியாவில் இதற்கு மேல் ஒரு சுவர் இருக்கு. 2020 பட்ஜெட்டில் இறக்குமதிப் பொம்மைக்கான சுங்க வரி 20-இல் இருந்து 60 சதவீதம் ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரி 1 முதல் 14 வயசுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வெளிநாட்டு ஃபேக்டரியும் பி.ஐ.எஸ். உரிமம் வாங்கித்தான் ஆகணும். பாதுகாப்புக்கு நல்ல விதி. ஆனால் ஹீரோவுக்காக அந்த உரிமத்தையும் வரியையும் தாங்கும் கம்பெனி, பெட்டிக்கு ஒன்றாக வரும் துணைக் கதாபாத்திரத்துக்காகத் தாங்குமா? அதனால்தான் அமெரிக்க யூடியூபர் பிரித்துக் காட்டும் வரிசையில் பாதி இங்கே கண்ணிலேயே படுவதில்லை.

கடைக்குப் போனால் பெட்டியைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிங்க. கதாபாத்திரம் யாருக்குச் சொந்தம், யார் தயாரிச்சது, யார் இறக்குமதி பண்ணினது, எல்லாம் வரிசையாக இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதற்கு மேலேயும் கீழேயும் எண்களும் இருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். ஸ்டுடியோ பேரே இல்லாத பெட்டி என்றால் உள்ளே இருப்பது ரூமி இல்லை, ரூமியோட ஒன்றுவிட்ட சித்தப்பா பொண்ணு.

வாய்ஸ் நோட் அனுப்பின நேயருக்கு: 2025 கடைசியில் மேட்டல் அந்த மூணு பாடகிகளின் பொம்மை செட்டுக்கு முன்பதிவு திறந்தது. பொம்மை கையில் வருவது 2026-ல். உங்க அக்கா பொண்ணுக்கு அதுக்குள்ள எட்டு வயசு ஆகியிருக்கும். இன்னும் ரூமிதான் வேணுமான்னு ஒரு தடவை கேட்டுட்டு வாங்குங்க.